எண்பத்தாறு அங்குல நூல்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பில் எந்த வீட்டுப் பிள்ளை விமானம் ஏறினாலும், பாலம் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்த கையோடு அந்தக் குடும்பம் சிவஞானத்தின் அறைக்குத்தான் வரும். பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, "இப்ப எங்கன இருப்பான் தம்பி?" என்று கேட்கும்.

சிவஞானம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். சுவரில் அறைந்திருந்த உலகப் படத்தைப் பார்ப்பான். டெல்லியில் ஒரு குண்டூசி, லண்டனில் ஒரு குண்டூசி, இரண்டுக்கும் நடுவே தையல் நூல். நூலில் ஓர் இடத்தை விரலால் தொட்டு, "துருக்கி மேல போய்க்கிட்டு இருக்கான். சாப்பாடு குடுத்து முடிச்சிருப்பாங்க" என்பான். உடனே தாய்மார் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். பிள்ளையே எதிரில் வந்து நின்ற மாதிரி.

அவன் ஜன்பத்தில் ஒரு விமானக் கம்பெனியின் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தான். முதுகுளத்தூருக்குத் தெற்கே பஸ் போகாத ஊரில் பிறந்து, அந்த ஊரின் முதல் பட்டதாரியாக, கணிதத்தில் பி.எஸ்ஸி. வாங்கியவன். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் டெல்லியிலிருந்து மெட்ராஸ் ஆயிரத்து எழுநூற்று அறுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். லண்டன் ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், போகும்போது ஒன்பதரை, வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எட்டரை என்று, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அதில்தான் அவனுக்குப் பெருமை.

அவன் குடியிருந்தது தாயம்மாள் வீட்டின் முன்னறையில். தாயம்மாள் அரசாங்க மருந்தகத்தில் நர்ஸ். சாயல்குடிக்காரி. டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. கணவர் மாசிலாமணி ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸே ஏற மாட்டார். கனாட் பிளேஸ் போனாலும் கரோல் பாக் போனாலும் நடைதான். "நடராஜா சர்வீஸ் கெளம்பிருச்சு" என்பாள் தாயம்மாள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. போனில் பேசினால் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "ஓவர்" என்பார். எதிர்வீட்டு போனில் மகனோடு பேசும்போது, "சாப்பிட்டியா, ஓவர். குளிரு எப்படி, ஓவர்" என்று கத்துவதைக் கேட்டு அந்த வரிசையே சிரிக்கும்.

சிவஞானம் ஒருமுறை கேட்டான். "ஏன் சார், எப்பவும் ஓவர்தானா? கடைசியில அவுட்டுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"ஓவர்னா நான் சொல்லிட்டேன், இனி நீ சொல்லுன்னு அர்த்தம். அவுட்டுன்னா சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார் மாசிலாமணி. "பெத்த புள்ளைகிட்ட சோலி முடிஞ்சுதுன்னு சொல்லுவாகளா தம்பி?"

அவர் எண்பத்தொன்றாம் வருஷம் டிசம்பர் எட்டாம் தேதி காலையில், நடந்துவிட்டு வந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், நிமிரவில்லை.

ஒரே மகன் ராஜசேகரன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருந்தான். தகவல் போய், அவன் விமானம் ஏறியும் விட்டான். சிவஞானம் நூலைத் தொட்டுக் கணக்குச் சொன்னான். "நாளைக்குப் பதினொன்றரைக்கு இறங்கிருவான் அக்கா. வெச்சிருப்போம்."

வைத்திருந்தார்கள். ஆனால் பனிமூட்டம். விமானம் டெல்லியில் இறங்க முடியாமல் பம்பாய்க்குப் போய்விட்டது. இரண்டாம் நாளும் சாயங்காலம் ஆயிற்று. இனி வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, யமுனைக் கரையில் நிகம்போத் மயானத்தில் வேறு ஆள் இல்லாமல் கொள்ளிக்கட்டையைச் சிவஞானம் கையில் கொடுத்தார்கள். அவன் வைத்தான். மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கிய ராஜசேகரன், அப்பாவின் ஷூவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், வெங்கடேஸ்வர சாஸ்திரிகள் போன உயிரின் பயணத்தைப் பற்றிச் சொன்னார்.

"தெற்கே போறது. எண்பத்தாறாயிரம் யோஜனை தூரம். ஒரு நாளைக்கு இருநூத்து நாப்பத்தேழு யோஜனை நடக்கணும். நிழல் கிடையாது, ஜலம் கிடையாது. வருஷ திதி அன்னிக்குப் பிள்ளை விடற எள்ளுந் தண்ணியும்தான் அங்கே அவருக்கு மொத வாய் ஜலம். மாசாமாசம் செய்யப் பிள்ளை இங்கே இல்லை, பரவாயில்லை. வருஷத்துக்குக் கட்டாயம் வந்துடணும்."

"வந்துருவேன்" என்றான் ராஜசேகரன். "கொள்ளிக்குத்தான் இல்லாமப் போயிட்டேன்."

அவன் திரும்பிப் போன மறுநாள், தாயம்மாள் சிவஞானத்தின் அறைக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப எங்கன இருப்பாக தம்பி?"

"ராஜு லண்டன் போயாச்சே அக்கா."

"அவனக் கேக்கல."

சிவஞானத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஆயிரம் சாவைப் பார்த்த நர்ஸ். அழாமல் கேட்கிறாள். சும்மா ஓர் ஆறுதலுக்கு என்று நினைத்துக் காகிதத்தை எடுத்தான்.

"ஒரு யோஜனைன்னா எட்டு மைல்னு வெச்சுக்குவோம். மொத்தம் ஏழு லட்சம் மைல் கிட்ட வருது. நிலா ரெண்டரை லட்சம்கூட இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மைல். மணிக்கு எண்பது மைல் வேகம். ராஜதானி எக்ஸ்பிரஸ் தோத்துரும்!"

"அவுக நடையப் பாத்ததில்லையா நீயி?" என்றாள் தாயம்மாள். பிறகு, "பிளேன்ல போனா?"

"ஐம்பத்திரண்டு நாள். எங்கயும் இறங்காமப் போனா."

"அம்புட்டுத் தூரமா" என்றாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

ஆயிரம் யோஜனைக்கு ஓர் அங்குலம் என்று எண்பத்தாறு அங்குல நூலை அளந்து வெட்டினான் சிவஞானம். ஒரு முனையைப் படத்தில் டெல்லியில் கட்டினான். நூல் தெற்கே நாக்பூரையும் கன்னியாகுமரியையும் தாண்டி, கடலைத் தாண்டி, படத்தின் அடிவிளிம்பையும் தாண்டி, வெறும் சுவரில் இறங்கியது. அறுபது அங்குலத்தில் தரையைத் தொட்டது. மிச்சம் தரையில் ஓடி, சரியாக அறையின் வாசற்படிக் கட்டையில் முடிந்தது. அங்கே ஓர் ஆணி அடித்துக் கட்டினான். நூலில் கோத்துக்கொள்ளத் தாயம்மாள் ஒரு சாமான் கொடுத்தாள். மாசிலாமணியின் பழைய ராணுவச் சட்டையிலிருந்து வெட்டியெடுத்த பித்தளைப் பொத்தான்.

கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. எண்பத்தாறாயிரத்தை இருநூற்று நாற்பத்தேழால் வகுத்தால் முந்நூற்று நாற்பத்தெட்டு நாள்தான் வருகிறது. வருஷத்துக்கோ முந்நூற்று அறுபத்தைந்து நாள். மிச்சப் பதினேழு நாள் எங்கே போயிற்று? சாஸ்திரிகளுக்குக் கணக்கு வராது என்று சிவஞானம் தீர்மானித்தான். எண்பத்தாறாயிரத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்து, நடையை நாளொன்றுக்கு இருநூற்று முப்பத்தைந்தரை யோஜனையாகக் குறைத்தான். இறந்தவர் அடுத்த டிசம்பர் எட்டாம் தேதி போய்ச் சேருவார். அந்தத் தேதிக்கு முதல்நாள் டெல்லியில் இறங்கும்படி ராஜசேகரனுக்கு டிக்கெட்டும் தானே பதிவு செய்தான்.

தேதியைப் பற்றித் தாயம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்தகத்தில் பிறப்பையும் இறப்பையும் ரிஜிஸ்டரில் எழுதி எழுதி, அவளுக்கும் தேதி என்றால் இங்கிலீஷ் தேதிதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவஞானம் அடிக்கோலை வைத்து அளந்து பொத்தானை நகர்த்துவான். தாயம்மாள் டீயோடு வந்து நின்று பார்ப்பாள். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தான். பொத்தான் அவன் வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இருந்தது. அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

பித்தளை அல்லவா, கனத்துக்குச் சரிகிறது என்று மேலே ஏற்றி வைத்தான். அடுத்த மாதமும் அதே அளவு இறங்கியிருந்தது. பொத்தானுக்குக் கீழே ஒரு குண்டூசியைக் குத்தி முட்டுக்கொடுத்தான். அடுத்த ஞாயிறு குண்டூசி குத்தின இடத்திலேயே இருந்தது. பொத்தான் அதற்குக் கீழே இருந்தது.

"அக்கா, பெருக்குறப்ப இதைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குய்யா தொடுறேன்?" என்றவள், குனிந்து பொத்தானைப் பார்த்தாள். "நீதான் பின்னுக்கு இழுக்குற. அவுக முன்னால போறாக. விட்டுரு."

அவன் விட்டுவிட்டான். அளப்பதை மட்டும் விடவில்லை. படித்தவன், எதையும் எழுதி வைப்பவன். ஆகஸ்ட் மாதம் எட்டாம் தேதி பொத்தான் தரையைத் தொட்டது. அவன் கணக்குப்படி இன்னும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தொட வேண்டும். போகட்டும், இனிமேல் சமதளம், சரிவதற்கு வழியில்லை என்று அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

பொத்தான் தரையிலும் நகர்ந்தது.

நகரும்போது யாரும் பார்த்ததில்லை. அவன் ஒரு விடுமுறை நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தான்; அசையவில்லை. கால் மரத்துப்போய், அடுப்படிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அடிக்கோலை வைத்தான். கால் அங்குலம் முன்னால் இருந்தது. நாளுக்குக் கால் அங்குலம். இருநூற்று நாற்பத்தேழு யோஜனை. அன்று அவன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, லோதி ரோடு வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் "இப்ப எங்கே இருப்பான்?" என்று கேட்டால், நூலைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. "நல்லாத்தான் போய்க்கிட்டு இருப்பான்" என்று வாயால் மட்டும் சொன்னான்.

நவம்பர் வந்தது. ஊரெல்லாம் ஏசியாட் விளையாட்டுப் போட்டிக் கூட்டம். ஜன்பத் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. எல்லா விமானமும் நிறைந்து ஓடியது. இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொத்தான் வாசற்படிக் கட்டையில் ஆணியை ஒட்டி நின்றது. இறந்து முந்நூற்று நாற்பத்தெட்டாம் நாள். சிவஞானத்தின் கணக்குப்படி அது இன்னும் நான்கு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும்.

தாயம்மாள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். "போய்ச் சேந்துட்டாக" என்றாள். "ராஜு எட்டாந்தேதிக்குல்ல வாரான். அதுவரைக்கும் தண்ணியில்லாம வாசல்ல நிக்கணுமா தம்பி?"

சிவஞானம் அடிக்கோலைக் கீழே வைத்தான். நூல் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அளக்க இடமில்லை.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாஸ்திரிகள் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்? பிள்ளை வந்தாச்சோன்னோ?"

"நாளைக்கா?" என்றாள் தாயம்மாள்.

"கார்த்திகை மாசம் வளர்பிறை துவாதசி. நாளைக்குத்தானே வருஷ திதி?"

"டிசம்பர் எட்டுல சாமி!" என்றான் சிவஞானம்.

சாஸ்திரிகள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தேதிக்கா திதி கொடுப்பா? சந்திரன் கணக்குன்னா. வருஷத்துக்கு முன்னூத்தம்பத்து நாலு நாள். பதினோரு நாள் முன்னாடியே வந்துடும். பி.ஏ.வோ பி.எஸ்ஸியோ படிச்சிருக்கேள், இது தெரியாதோ?"

சிவஞானம் திரும்பிப் பொத்தானைப் பார்த்தான். அவன் ஊரில் எழுத்தறியாத கிழவர்கூட பிறையைப் பார்த்துத் திதி சொல்வார். சாஸ்திரிகளின் கணக்கு சரி. முந்நூற்று நாற்பத்தெட்டாம் நாள் போய்ச் சேர்ந்து, ஆறு நாள் வாசலில் காத்திருந்து, முந்நூற்று ஐம்பத்து நான்காம் நாள் தண்ணீர் வாங்க வேண்டியவர். அவரைத்தான் அவன் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினான். பர்மிங்ஹாமுக்கு இணைப்பு கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அங்கே அப்போது பட்டப்பகல். ராஜசேகரன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாள் எடுத்தாள். அவர் காலையிலேயே பெட்டியோடு போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றாள். சிவஞானம் தன் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக்கு டெலக்ஸ் அடித்தான். அந்தப் பெயரில் டிசம்பர் ஆறாம் தேதிக்குத்தான் பதிவு இருக்கிறது என்று பதில் வந்தது.

திரும்பி வந்து தாயம்மாள் முன் நின்றான். "போன தடவையும் என் கணக்குத்தான் அக்கா. இந்தத் தடவையும்."

தாயம்மாள் அவனைத் திட்டியிருக்கலாம். "பனிக்கு நீ என்ன செய்வ" என்றாள். சற்றுக் கழித்து, "ஆனா இது பனியில்ல" என்றாள்.

சனிக்கிழமை காலையில் சாஸ்திரிகள் வந்து தர்ப்பையைப் பரப்பினார். பத்து, பதினொன்று என்று மணி ஏறியது. "ஒன்றரைக்குள்ளே முடிக்கணும்" என்றார். பன்னிரண்டு அடித்ததும், "கொள்ளி வெச்சவரே உக்காரட்டும். வேற வழியில்லை" என்றார்.

சிவஞானம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். எள்ளைக் கையில் வாங்கினான். எதிரே முன்னறை வாசற்படியில் பொத்தான் வெயிலில் மினுங்கியது. அவனுக்குத் தொண்டை வறண்டது. சாதாரண வறட்சியல்ல, பல நாள் தண்ணீரே காணாத நாக்குப் போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

அப்போது வெளியே ஒரு டாக்ஸி வந்து நின்றது. "உதாரோ பையா, ஜல்தி உதாரோ" என்று யாரோ பெட்டியை இறக்கச் சொல்லும் குரல். ராஜசேகரன்தான். தலைவாரக்கூட நேரமில்லாத கோலம்.

"ஆரம்பிச்சிட்டாங்களா அம்மா? ஏர்போர்ட்டுல ஏசியாட் கூட்டம், கஸ்டம்ஸ்லயே ஒரு மணி நேரம்..."

சிவஞானம் எழுந்தான். ராஜசேகரன் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். எள்ளும் தண்ணீரும் அவன் விரல்வழியே மூன்று முறை இறங்கின. மூன்றாவது முறை இறங்கியதும் சிவஞானத்தின் தொண்டை நனைந்தது. ஒரு சொட்டுக்கூட அவன் குடித்திருக்கவில்லை.

சாப்பாடு முடிந்து சாஸ்திரிகள் போன பிறகு, ராஜசேகரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க போன் பண்ணலேன்னா போச்சு அண்ணே. கொள்ளியும் போயி, இதுவும் போயிருக்கும்."

"நானா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பண்ணுனீங்கள்ல? எட்டாந்தேதி தப்பு, இருபத்தேழுக்கு வந்து சேருன்னு. உங்க பிளேன்ல எடமில்ல, வேற கம்பெனியில ஒரு சீட் இருக்குன்னு நம்பரெல்லாம் சொன்னீங்களே? எட்டரை மணி நேரந்தான், பின்காத்துன்னு சொன்னீங்க. லைன்ல ஒரே காத்துச் சத்தம், பாதி கேக்கல." ராஜசேகரன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அப்பா மாதிரியே ஒவ்வொண்ணுக்கும் 'ஓவர், ஓவர்'னு வேற சொன்னீங்க. மொதல்ல எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்புறம், சரி, அண்ணன் ஒரு பிரியத்துல சொல்றாருன்னு விட்டுட்டேன்."

சிவஞானம் தாயம்மாளைப் பார்த்தான். அவள் எச்சில் இலையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"கொரலு தம்பி கொரலாடா?" என்றாள் மகனிடம்.

"அவரு கொரல்தாம்மா. வேற யாரு பண்ணப் போறா? ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் தாயம்மாள். "கொள்ளி வெச்ச கொரல்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இலையைப் போட வெளியே போனாள்.

திங்கட்கிழமை சிவஞானம் வேலைக்குப் போனான். ஒன்பது மணிக்கு மேசை போன் அடித்தது. எடுத்து, எப்போதும்போல் இங்கிலீஷில் கம்பெனி பெயரைச் சொன்னான். மறுமுனையில் பேச்சில்லை. காற்று மட்டும் இரைந்தது. வெகு தூரத்திலிருந்து வருகிற காற்று. எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியும்.

ஏனென்று தெரியாமல் தமிழில் சொன்னான். "சொல்லுங்க சார். தண்ணி கெடச்சுதா?" பிறகு, ஒரு கணம் நிறுத்தி, "ஓவர்" என்றான்.

அவனுடைய சொந்தக் குரலே, நடந்து களைத்து, ஆனால் தாகமில்லாமல், நிதானமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"அவுட்."

காற்று நின்றது. அன்று சாயங்காலம் போய் அவன் நூலை அறுத்துப் பொத்தானைத் தாயம்மாளிடம் கொடுத்தான். அவள் அதைப் பழைய சட்டையில் வைத்துத் தைத்தாள்.